பக்கெட்டில் மாட்டும் பட்டி பிளேடு ஹோல்டர்: ஏழு மாதம் வேலையில் வைத்துப் பார்த்தது

ஜிப்சம் போர்டில் ஜாயிண்ட் பார்க்கிறவர்கள் ஒரு நாளில் அதிகமாகக் கேட்கும் கேள்வி "10 இன்ச் பிளேடு எங்கப்பா?" என்பதுதான். ஜன்னல் திண்டில் இருக்கும், ஏணிப் படியில் இருக்கும், பக்கெட் மூடிமேல் கவிழ்ந்து கிடக்கும், சில நாள் பட்டிக்குள்ளேயே கழுத்துவரை முழுகிக் கிடக்கும். தேடுகிற நேரம்கூடப் பரவாயில்லை. தேடி எடுத்தால் அதன் வாய், அதாவது சுவரில் பட்டியை இழுக்கும் ஓரம், எதிலோ இடித்து நெளிந்திருக்கும், அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அதனால் பக்கெட் விளிம்பில் மாட்டிக்கொள்ளும் ஹோல்டர் ஒன்றை வாங்கினேன். ஏழு மாதமாக அநேகமாக தினமும் அது என் பக்கெட்டில்தான் தொங்குகிறது. இதற்கு முன்னால் நானே இரண்டு செய்து பார்த்திருக்கிறேன், அந்த அனுபவத்தையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். கம்பெனிப் பெயரைப் போடவில்லை. இதில் நல்லதும் கெட்டதும் எல்லாம் வடிவத்தில்தான் இருக்கிறது, அதனால் வடிவத்தைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

இந்த வேலை தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டு போர்டு சேரும் இடத்தில் முதலில் பட்டி வைத்து, அதன்மேல் சுமார் 5 சென்டிமீட்டர் அகலப் பேப்பர் டேப்பைப் பதிப்போம், அதற்கு 6 இன்ச் பிளேடு. காய்ந்த பிறகு 10 இன்ச்சில் இரண்டாவது கோட். அது காய்ந்தபின் 12 இன்ச்சில் மூன்றாவது. ஒவ்வொரு கோட்டும் முந்தையதைவிட அகலமாகப் போய் ஓரத்தில் ஒன்றுமில்லாமல் மெலிந்து முடிய வேண்டும், அப்போதுதான் கண்ணுக்கு மேடு தெரியாது. காகிதத்தில் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரிந்தாலும் வேலையில் அப்படி வருவதில்லை. ஒரு சுவரில் டேப் பதித்துக்கொண்டிருக்கும்போதே எதிர்ச் சுவரில் இரண்டாவது கோட் ஓடும், நடுவில் ஸ்க்ரூ தலைகளுக்குப் பட்டி, மூலைக்கு மூலைக் கரண்டி, தலை தூக்கிக்கொண்டிருக்கும் ஸ்க்ரூவை உள்ளே இறுக்க ஒரு ஸ்க்ரூடிரைவர், டேப் வெட்ட கட்டர். ஆக ஆறேழு சாமான் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், எல்லாமே ஈரமாக, பட்டி ஒட்டியதாக.

அப்புறம் அந்த பிளேடின் வாய். அது ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் தகடுதான், கொஞ்சம் வளைய வேண்டும் என்பதற்காகவே மெல்லியதாக இருக்கிறது. அதில் ஒரு கடுகளவு நெளிவு விழுந்தால் போதும், மூன்றாவது கோட் இழுக்கும்போது சுவரின் நீளம் முழுக்க ஒரு கோடு வரும். மறுபடி இழுத்தாலும் அதே இடத்தில் அதே கோடு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் போய்விடும் என்று நினைப்போம், பெயிண்ட் அடித்து பக்கவாட்டில் வெளிச்சம் விழும்போது அது எழுந்து நிற்கும். நான் காலையில் முதல் வேலையாகக் கட்டைவிரல் நகத்தை வாயின் ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை மெதுவாக ஓட்டிப் பார்ப்பேன். நகம் எங்காவது தட்டினால் பட்டை அரத்தில் இரண்டு இழுப்பு, பிசிறு எடுக்க நயமான உப்புத்தாள், பிறகுதான் பட்டியைத் தொடுவது. இந்த நகச் சோதனையை வைத்துத்தான் இந்த ஹோல்டரையும் அளந்தேன். சாமானை ஒரே இடத்தில் வைத்துக்கொள்ள ஒரு பழைய பையே போதும். வாயைக் காப்பாற்றுகிறதா என்பதுதான் கேள்வி.

பொருள் எப்படி இருக்கும் என்றால், பாலிபுரோப்பிலீன் பிளாஸ்டிக்கில் வார்த்த ஒரு நீளமான பெட்டி, பின்பக்கம் இரண்டு கொக்கி, அது 20 லிட்டர் பக்கெட்டின் விளிம்பில் வெளிப்பக்கமாக உட்காரும். மேலே மூன்று இடுக்குகள், 12, 10, 6 இன்ச் பிளேடுகளுக்கு. பக்கத்தில் பட்டித் தொட்டியை (கையில் பட்டி எடுத்து வைத்துக்கொள்ளும் சின்னத் தொட்டி) செருக ஒரு வளையம், முன்பக்கம் ஒரு காந்தப் பட்டை, மேலே தூக்கிச் செல்ல ஒரு கைப்பிடி. பக்கெட்டிலிருந்து கழற்றி கைப்பிடியைப் பிடித்து அப்படியே அடுத்த அறைக்கு எடுத்துக்கொண்டு போகலாம்.

பெரிய பிளேடு இரண்டுக்கும் செய்திருக்கும் இடுக்கைப் பார்த்தவுடனே இதை வரைந்தவர் கையில் பிளேடு பிடித்தவர் என்று தெரிந்துவிட்டது. 10 இன்ச், 12 இன்ச் பிளேடுகளுக்கு முதுகில் ஒரு தடிமனான பட்டை இருக்குமில்லையா, பெரும்பாலும் அலுமினியம், பிடி அதில்தான் பிணைந்திருக்கும். இடுக்கின் அகலம் தகடு நுழைகிற அளவுக்கு மட்டும், முதுகுப் பட்டை நுழையாது. பிளேடைச் செருகினால் முதுகு இடுக்கின் இரண்டு உதட்டிலும் உட்கார்ந்துவிடுகிறது, வாய் கீழே காற்றில் தொங்குகிறது, எதையும் தொடுவதில்லை. கையில் ஈரம் இருக்கும்போது பார்க்காமலே செருகினாலும் "டக்" என்று முதுகு உட்காரும் சத்தம் கேட்கும், அதோடு மறந்துவிடலாம். ஏழு மாதத்தில் அந்த இரண்டு பிளேடிலும் ஹோல்டரால் ஒரு நெளிவு வரவில்லை. அரத்தை எடுத்தது ஒரே தடவை, அதுவும் சுவரில் தூக்கிக்கொண்டிருந்த ஒரு ஸ்க்ரூ தலையில் நானே இழுத்துவிட்டதால். இந்த ஒரு விஷயத்துக்காகவே இந்தப் பொருளை மதிக்கிறேன்.

ஆனால் 6 இன்ச்சுக்கு அதே யோசனை ஓடவில்லை. 6 இன்ச் பிளேடுக்கு முதுகுப் பட்டை கிடையாது. பிடியிலிருந்து விசிறி மாதிரி விரிந்துகொண்டே வாய்வரை போகும். அதை மேலிருந்து இடுக்கில் செருகினால் எங்கே நிற்கும்? நேராகப் போய் பெட்டியின் தரையில் வாய் இடிக்கும் வரை நிற்காது. அதுதான் நடக்கிறது. ஒரு நாளைக்கு இருநூறு தடவை எடுத்து வைக்கிற பிளேடு அதுதான், இருநூறு தடவையும் வாய் தரையில் போய் இடிக்கிறது. பிளாஸ்டிக் தரைதானே என்று விட்டேன். இரண்டு வாரத்தில் தரையில் காய்ந்த பட்டிப் பொருக்கு ஒரு அடுக்காகச் சேர்ந்துவிட்டது, அப்புறம் பிளாஸ்டிக்கில் இடித்தது போய் கல் மாதிரி இறுகிய ஜிப்சத்தில் இடித்தது. நகச் சோதனையில் மூன்று இடத்தில் தட்டியது. டேப் பதிக்கிற பிளேடு என்பதால் சுவரில் பெரிய சேதம் இல்லை, ஆனால் ஸ்க்ரூ தலைகளுக்குக் கடைசிக் கோட் போட நான் அதே பிளேடைத்தான் எடுக்கிறேன், அங்கே கோடு தெரிந்தது.

இதற்குத் தீர்வு ரொம்ப எளிது, கம்பெனிக்காரர்கள் ஏன் செய்யவில்லை என்று இன்னும் புரியவில்லை. சின்ன பிளேடைக் கழுத்தில் பிடித்துத் தொங்கவிட வேண்டும். பிடியும் தகடும் சேரும் இடம் ஒடுக்கமாக இருக்கும், பிடி அதைவிடத் தடிமன். முன்பக்கம் திறந்த ஒரு இடுக்கு வெட்டி, கழுத்தை முன்னாலிருந்து உள்ளே தள்ளினால் பிடி மேலே உட்காரும், தகடு கீழே தொங்கும், வாய் எதையும் தொடாது. முன்பக்கம் திறந்திருப்பதால் நடக்கும்போது நழுவும் என்று பயமிருந்தால் இடுக்கை உள்பக்கமாகக் கொஞ்சம் சரித்துவிட்டால் போதும், பிளேடு தன் எடையிலேயே உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும்.

சரி, அந்தப் பெட்டித் தரையைப் பற்றிச் சொல்ல இன்னும் இருக்கிறது, இந்தப் பொருளின் பெரிய குறையே அங்கேதான். தரை மூடியிருக்கிறது. ஈர பிளேடிலிருந்து சொட்டுகிற தண்ணீரும் பட்டியும் அங்கேயே தேங்குகின்றன. கலந்தே வாங்குகிற ரெடிமிக்ஸ் பட்டி என்றால் காய்ந்து பொருக்காகும், அடுத்த நாள் பிளேடை எடுக்கும்போது ஒரு துணுக்கு ஒட்டிக்கொண்டு வந்து கடைசிக் கோட்டில் விழும், இழுத்தால் ஒரு சின்னக் கால்வாய் வெட்டிக்கொண்டு போகும். இதை எல்லோரும் பட்டிருப்பார்கள்.

பவுடர் பட்டி கலக்கிறவர்களுக்கு இது இன்னும் மோசம். தண்ணீர் ஊற்றியதும் தானாக இறுகும் பட்டி அது, காய்வதால் இறுகுவதில்லை, ஜிப்சம் படிகமாக மாறி இறுகுகிறது. ஏற்கெனவே இறுகிய துணுக்கு ஒன்று புதுக் கலவையில் விழுந்தால், புதுப் படிகங்கள் அதைப் பிடித்துக்கொண்டு வேகமாக வளரும், தயிர் உறை ஊற்றின மாதிரி. 45 நிமிடம் கிடைக்கும் என்று நம்பிக் கலக்கிய பட்டி பாதி நேரத்திலேயே தொட்டியில் கட்டிவிடும். எனக்கு ஒரு நாள் இப்படி மூன்று கலவை தொடர்ந்து சீக்கிரம் இறுகியது. பவுடர் பழசு என்று நினைத்தேன், தண்ணீர் சூடாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தேன், தொட்டியைத் தேய்த்துக் கழுவினேன். கூட வேலை செய்கிற தம்பிதான் "அண்ணே, பிளேடு அந்தப் பொட்டியில இருந்துதானே வருது" என்று சொல்லி ஹோல்டரைக் கவிழ்த்துத் தட்டினான். உள்ளேயிருந்து ஒரு கைப்பிடி ஜிப்சம் துணுக்கு விழுந்தது. தொட்டியை மூன்று தடவை கழுவியும் பிரயோஜனமில்லை, பிளேடு ஒவ்வொரு முறையும் அங்கிருந்து ஒரு துளி உறையை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறது.

பிளாஸ்டிக் தேர்வு மட்டும் சரி. பாலிபுரோப்பிலீனிலும் பாலிஎத்திலீனிலும் ஜிப்சம் பிடிப்பதில்லை, வெளிப்பக்கம் காய்ந்ததைக் கையால் நசுக்கினாலே தகடாகப் பெயர்ந்து வருகிறது. ஆனால் உள்ளே கை போனால்தானே நசுக்க முடியும்? பெட்டி குறுகலாக, ஆழமாக இருக்கிறது. ஒரு பிரஷ்கூட மூலைக்குள் போகவில்லை. தரையே இல்லாமல் விட்டிருந்தால், அல்லது இழுத்து எடுக்கிற மாதிரி ஒரு தட்டு கொடுத்திருந்தால் இந்தப் பொருள் எங்கேயோ போயிருக்கும்.

தண்ணீர் தேங்குவதில் இன்னொன்று, துரு. ஸ்டெயின்லெஸ் பிளேடு வைத்திருப்பவர்கள் கவலைப்பட வேண்டாம். நீல நிறக் கார்பன் ஸ்டீல் பிளேடுதான் நன்றாக வளையும் என்று அதையே பிடித்துக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், என் 10 இன்ச்சும் அதுதான், அந்த வளைவு பழகிவிட்டால் வேறு பிளேடு கையில் நிற்காது. அதை ஈரத்தோடு ராத்திரி முழுக்க மூடிய பெட்டிக்குள் விட்டால் காலையில் செம்பழுப்புப் புள்ளிகள். துடைத்துப் போட்டாலும் முதல் இழுப்பில் பட்டியில் ஒரு மஞ்சள் சாயம் ஏறும். அதன்பிறகு, ஹோல்டரை நானே மாற்றும்வரை, சாயங்காலம் துடைத்து, ஒரு துளி எண்ணெய் தடவி, ஹோல்டரில் வைக்காமல் தனியாக வைத்து வந்தேன். இரவில் பிளேடை வெளியே எடுத்து வைக்கச் சொல்கிற ஹோல்டர் பாதி வேலைதான் செய்கிறது.

காந்தப் பட்டை பற்றி வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கட்டர், ஸ்க்ரூடிரைவர், சிதறின ஸ்க்ரூ எல்லாம் நன்றாக ஒட்டுகின்றன. பிளேடு ஒட்டுமா என்றால் பிளேடைப் பொறுத்தது. கார்பன் ஸ்டீல் ஒட்டும். ஸ்டெயின்லெஸ்ஸில் நிக்கல் அதிகம் கலந்தது ஒட்டாது, குரோமியம் மட்டும் உள்ளது ஒட்டும். என்னிடம் இருக்கும் இரண்டு ஸ்டெயின்லெஸ் பிளேடில் ஒன்று ஒட்டுகிறது, ஒன்று நேராகக் கீழே விழுகிறது. அதனால் காந்தத்தை நம்பி பிளேடை வைக்காதீர்கள்.

அடுத்த விஷயம் எனக்கு நாலாவது நாள்தான் பிடிபட்டது. காலையில் பட்டி நிறைந்த பக்கெட்டில் ஹோல்டரை மாட்டினால் பாறை மாதிரி நிற்கும், ஏனென்றால் பக்கெட்டுக்குள் இருபத்தைந்து கிலோவுக்கு மேல் பட்டி இருக்கிறது. மதியத்துக்கு மேல் பட்டி அடியில் கொஞ்சம்தான் இருக்கும். ஹோல்டர், மூன்று பிளேடு, தொட்டி, தொட்டிக்குள் இருக்கிற பட்டி எல்லாம் சேர்த்து ஒரே பக்கத்தில், அதுவும் மேல் விளிம்பில், மூன்று கிலோ தொங்குகிறது. காலில் ஒரு சின்னத் தட்டு, பக்கெட் அந்தப் பக்கமாகச் சாய்ந்தது. சாய்ந்தபோது முதலில் தரையில் இடித்தது எது? பிளேடுகள்தான். பக்கெட்டின் நிலையை நம்பி வேலை செய்யும் ஹோல்டர், பக்கெட் காலியாகிக்கொண்டே வரும் என்பதை முதலில் யோசித்திருக்க வேண்டும். தொட்டி வளையத்தை எதிர்ப்பக்க விளிம்புக்கு மாற்றியிருந்தாலே பாதி பாரம் சமமாகியிருக்கும். நான் இப்போது மதியத்துக்கு மேல் தொட்டியை வளையத்தில் வைப்பதில்லை, இன்னொரு பக்கெட்டில் பாதி தண்ணீர் வைத்து ஹோல்டரை அதில் மாட்டுகிறேன். தண்ணீர் கைவசம் இருப்பதால் பிளேடு கழுவவும் அதுவே ஆயிற்று. ஆனால் சுமக்க வேண்டியது இரண்டு பக்கெட்.

தூக்கிச் செல்வது எப்படி என்று கேட்பீர்கள். அறைக்கு அறை போவதற்கு அருமை. கைப்பிடி சரியாக நடுவில் இருக்கிறது, பிளேடுகள் மூன்றும் இருக்கும்போது ஒரு பக்கம் இழுப்பதில்லை. ஏணியில் ஏறும்போது பயன்படாது, ஏணிப் படியில் மாட்ட அந்தக் கொக்கியின் வளைவு போதவில்லை. காலில் அலுமினியப் பொய்க்கால் கட்டிக்கொண்டு சீலிங் பார்க்கிறவர்கள் இதை வாங்கவே வேண்டாம். பொய்க்காலில் குனிய முடியாது, குனியவும் கூடாது. தரையில் இருக்கும் பக்கெட்டில் பிளேடு இருந்தால் இருக்கிற இடம் தெரிந்தும் எடுக்க முடியாது. அவர்களுக்கு இடுப்பு உயரத்தில் நிற்கிற ஸ்டாண்டு வேண்டும், அல்லது பெல்ட்டில் மாட்டும் உறை. உறை என்றால் அதற்கும் இதே விதிதான், அடிப்பக்கம் திறந்திருக்க வேண்டும், வாய் எதிலும் உட்காரக் கூடாது.

இதற்கு முன்னால் நான் செய்த இரண்டைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். முதலாவது 12 மில்லிமீட்டர் பிளைவுட்டில். இடுக்கெல்லாம் அழகாக வெட்டி வார்னிஷ் அடித்தேன். மூன்று வாரத்தில் வெட்டின ஓரங்கள் தண்ணீர் குடித்து உப்பின, 4 மில்லிமீட்டர் இடுக்கு சுருங்கியது, பிளேடை உள்ளே தள்ள அழுத்த வேண்டியதாயிற்று. வாய்க்கு அருகில் அழுத்துகிற எதுவும் நல்லதில்லை. எடை வேறு. இரண்டாவது, காய்கறி நறுக்கும் தடித்த வெள்ளைப் பிளாஸ்டிக் பலகை இருக்கிறதே, அதை வெட்டி அலுமினிய ஆங்கிளில் திருகிச் செய்தேன். வெறும் ஒரு பலகை, அதில் மூன்று இடுக்கு, பின்னால் கொக்கி, கீழே ஒன்றுமே கிடையாது. பார்க்க ஒன்றுமில்லை. ஆனால் பட்டி ஒட்டவில்லை, தண்ணீர் தேங்கவில்லை, ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினால் சுத்தம். அதை ஏன் விட்டேன் என்றால், கீழே தொங்கும் வாய்களுக்கு மறைப்பே இல்லை, நடக்கும்போது தொடையில் உரசியது, ஒருநாள் கதவு நிலையில் 12 இன்ச் பிளேடு நேராக இடித்தது. வாங்கிய ஹோல்டரில் பக்கச் சுவர் இருக்கிறது, அந்தப் பாதுகாப்பு எனக்குப் பிடித்திருக்கிறது. பக்கச் சுவர் வேண்டும், தரை வேண்டாம். இரண்டையும் சேர்த்து யாராவது வார்த்துக் கொடுத்தால் அன்றைக்கே வாங்குவேன்.

அதுவரைக்கும் என்னிடம் இருப்பதை மாற்றிக்கொண்டேன். பெட்டியின் தரையை ரம்பத்தால் முழுக்க அறுத்து எடுத்தேன், அறுத்த ஓரத்தை அரத்தால் நயம் பண்ணினேன், பக்கச் சுவர் தளராமல் இருக்க இரண்டு குறுக்குக் கம்பி கொடுத்தேன். அந்தக் கம்பிகள் வாய் தொங்கும் உயரத்துக்குக் கீழே இரண்டு விரல் தள்ளி இருக்க வேண்டும், இல்லையென்றால் திரும்பவும் இடிக்கும். 6 இன்ச்சின் இடுக்கை மறந்துவிட்டு, முன்பக்கம் பழைய வெள்ளைப் பலகையிலிருந்து ஒரு துண்டைத் திருகி, கழுத்து நுழைகிற மாதிரி ஒரு வெட்டு வெட்டினேன். மாற்றி ஒன்றரை மாதம் ஆகிறது. பவுடர் பட்டி சொன்ன நேரத்தில் இறுகுகிறது. 6 இன்ச்சில் நகம் தட்டவில்லை. காற்றோட்டம் இருப்பதால் துடைத்து வைத்த கார்பன் ஸ்டீல் பிளேடையும் இரவில் அதிலேயே விடுகிறேன், இதுவரை புள்ளி விழவில்லை.

ஆக, தரையில் நின்று அல்லது குட்டை பெஞ்சில் ஏறி வேலை பார்ப்பவர், ரெடிமிக்ஸ் மட்டும் தொடுபவர் என்றால் வாங்கிய மாதிரியே பயன்படுத்தலாம், வாரத்துக்கு ஒரு தடவை கவிழ்த்துத் தட்டிக் கழுவினால் போதும். பவுடர் பட்டி கலக்கிறவர் என்றால் வாங்கிய அன்றே தரையை அறுத்துவிடுங்கள். சொந்தமாகவே செய்யப் போகிறீர்கள் என்றால் ஒரு அளவு சொல்கிறேன், எனக்கு இது வர மூன்று பலகை வீணானது. பெரிய பிளேடுக்கு இடுக்கு 4 மில்லிமீட்டர். மூன்றாக வைத்தால் காய்ந்த பட்டி ஒட்டிய பிளேடு சிக்கும், ஆறாக வைத்தால் பிடியின் எடைக்குப் பிளேடு சாய்ந்து பக்கத்து பிளேடின் வாயில் போய்ச் சாயும். இரண்டு இடுக்குக்கும் நடுவில் விரல் மடக்கிய உங்கள் கை நுழைகிற அளவு இடம் விடுங்கள், கையுறை போட்டுக்கொண்டு அளந்து பாருங்கள்.